கடல் தாண்டாத வெளிநாடு

கோலார் தங்கவயலில் தமிழனுக்குத் தெலுங்கு தெருவிலேயே கிடைத்துவிடும். அதனால்தானோ என்னவோ, வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் துணிச்சல் எங்களுக்குச் சட்டென்று உறைப்பதில்லை.

1902-ல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தச் செலவில் ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை. தேர்ந்தெடுத்த களம், நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்.

1909-ல், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பதவியை விட்டுவிட்டு அவரே அங்கு போனார். முப்பதுகளின் நடுவில் தெலுங்கு படித்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் பேசியபோது, எவ்வளவோ தியாகம் செய்த வெள்ளை மிஷனரிகள் நட்பை மட்டும் தரவில்லை என்று அவர்கள் முன்னாலேயே குறைப்பட்டார். தோர்ணக்கலில் அவரும் வெளியார்தான். அதே குறையைத் தெலுங்கர்கள் அவர்மீதும் சொல்லியிருக்கலாம். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப்பானார். 1945-ல் இறக்கும்வரை தோர்ணக்கல்தான் அவரது மறைமாவட்டம்.

மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இது தெரியும். சொந்த மொழியில் நாம் பண்டிதர்கள், அடுத்தவர் மொழியில் குழந்தைகள். போதிக்கப் போனவர், சாதாரணச் சொல்லுக்குக்கூட எதிரில் இருப்பவரின் வாயைப் பார்க்க வேண்டும். கப்பலேறுவது அதைவிடச் சுலபம்.