ஒரிஜினல் என்னும் மாயம்

கடத்தூர் கடைவீதியின் தையல்கடை ஒன்றில்தான் இந்தக் கட்டுரைக்கான கோபம் பிறந்தது. பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர், கால் உயரம் குறைப்பதற்காகப் புத்தம்புதிய ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். தையல்காரர் விலைச் சீட்டைப் பார்க்கவில்லை. துணியை விரலிடுக்கில் நெருடினார். உட்புறத்தைத் திருப்பினார். கவட்டைத் தையலை இருகையாலும் இழுத்துப் பார்த்தார். "துணி பரவால்ல தம்பி. தையல்தான் ஒத்தை. குந்தி எந்திரிச்சா விட்டுரும்" என்றார். இளைஞரின் முகம் வாடிவிட்டது. "இல்லண்ணா, இது ஒரிஜினல்ணா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஐந்து நாள் கூலியைக் கொடுத்திருந்தார்.

இதை இலக்கிய நண்பர்களிடம் சொன்னபோது எங்களுக்கு இரண்டு வகை பதில்கள் கிடைத்தன. இலக்கியத்துக்கும் கால்சட்டைக்கும் என்ன தொடர்பு என்பது ஒன்று. அந்தப் பையன் 21 அவுன்ஸ் ஜப்பானிய டெனிம் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே சோம்பலிலிருந்து வருபவை என்றே நாங்கள் கருதுகிறோம். இரண்டு தரப்பினரும் துணியைப் பார்க்கவில்லை.

முதல் தரப்புக்குச் சுருக்கமாக ஒன்று. பிரதியின் நெசவு, கதையின் இழை, ஊடும் பாவும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம் இடுப்பில் இருக்கும் துணியில் பாவு எது, ஊடை எது என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? டெனிமில் அது மிக எளிது. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடை நூல்களுக்கு மேலே சென்று ஒன்றுக்குக் கீழே இறங்குவதால் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தெரிகிறது. நீலச் சாயத்தில் முக்கிக் காற்றில் காட்டி, மறுபடி முக்கிக் காற்றில் காட்டிச் சாயமேற்றுவதால் நிறம் நூலின் மேற்பரப்பில் மட்டுமே நிற்கிறது, நடு வெள்ளையாகவே தங்கிவிடுகிறது. தேயத் தேய அந்த வெள்ளை வெளிவருகிறது. ஜீன்ஸ் வெளுப்பதன் ரகசியம் இவ்வளவுதான். இந்த நீலத்தை நாம் அவுரி என்று அறிவோம். டங்கரி என்ற ஆங்கிலச் சொல்லோ பம்பாயின் டோங்ரியில் விற்ற முரட்டுத் துணியின் பெயரிலிருந்து போனது. ஆகவே இது அந்நியப் பண்பாடு என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம்.

இரண்டாம் தரப்புதான் எங்களுக்கு முக்கியம். ஏனெனில் அது அறிவின் தோரணையோடு பேசுகிறது.

அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜத் துணியின் எடை. 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம்; 21 அவுன்ஸ் என்றால் 710 கிராம். கனடாவின் மான்ட்ரியல் நகரத்து நிறுவனமான நேக்கட் அண்ட் ஃபேமஸ் 32 அவுன்ஸ் வரை போய்விட்டது. அந்தக் கால்சட்டையைத் தரையில் வைத்தால் தானாகவே நிற்கும் என்று ரசிகர்கள் பெருமைப்படுகிறார்கள். நிற்கட்டும், ஆனால் உட்கார வேண்டியவர் அதை அணிந்தவர் அல்லவா? எடை மட்டும் துணியின் ஆயுளைச் சொல்லிவிடாது. பஞ்சின் இழை நீளம், நூலின் முறுக்கு, நெசவின் நெருக்கம் ஆகியவை சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. குட்டை இழைப் பஞ்சில் தடித்த நூல் நூற்றும் கனத்தைக் கூட்டலாம். துவைக்காத டெனிமின் விறைப்பில் பாவுக்கு ஏற்றிய கஞ்சியின் பங்கும் இருக்கிறது. கஞ்சி போட்ட வேட்டியை எடுத்ததும் தரம் என்று நாம் சொல்வதில்லை, ஒரு முறை துவைத்த பிறகுதான் வாயைத் திறப்போம். டெனிமுக்கு மட்டும் அந்த நிதானம் எங்கே போனது?

இனி பெயர்களுக்கு வருவோம். லீவைஸ் 501, லீ 101, ராங்ளர் 13எம்டபிள்யூஇசட் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, எது பழையது, எது அசல் என்று பேசுவதே வழக்கம். மூன்றும் மூன்று வேலைகளுக்காக வெட்டப்பட்டவை என்பதை யாரும் பேசுவதில்லை. இவற்றில் முதலாவதன் கதையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நெவாடா மாநிலத்தின் ரீனோவில் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ், கூலித் தொழிலாளிகளின் கால்சட்டைப் பைகள் கிழிவதைப் பார்த்து, குதிரைப் போர்வைக்கு அடிக்கும் செம்பு ரிவிட்டைப் பையின் மூலையில் அடித்தார். காப்புரிமைக்குக் கட்டப் பணமில்லாததால் தனக்குத் துணி விற்ற சான்பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் தையல்காரர், தோல்பட்டையில் நின்ற பெயரோ துணி வியாபாரியுடையது. கடத்தூர் தையல்காரரின் பேச்சைவிடத் தோல்பட்டையின் பேச்சு எடுபடுவது இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதல்ல.

501 சுரங்கத்திலும் மரவேலையிலும் நின்று உழைப்பவனின் கால்சட்டை. பின்பை ரிவிட்டுகள் சேணத்தையும் நாற்காலியையும் கீறியதால் 1937இல் அவற்றைத் துணியால் மூடினார்கள், 1960களில் எடுத்தே விட்டார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் ரசிகர்களின் பேச்சு அங்கே நிற்பதில்லை. 1936இல் பின்பையில் தைக்கத் தொடங்கிய சிவப்புத் துண்டில், ‘இ’ என்ற ஆங்கில எழுத்து 1971 வரை பெரிதாக இருந்தது, பிறகு சிறிதாயிற்று. பெரிய ‘இ’ உள்ள பழைய கால்சட்டைக்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். காலத்தை அறிய அந்த எழுத்து ஓர் அடையாளம் என்பதை ஏற்கிறோம். அதைத் தரத்தின் அடையாளமாக மாற்றுவதை எப்படி ஏற்பது?

லீ கன்சாஸில் 1889இல் தொடங்கிய நிறுவனம். 1920களில் மாடு மேய்ப்பவர்களுக்கென 101ஐக் கொண்டுவந்தது. சேணத்தைக் கீறாதிருக்கப் பின்பையில் ரிவிட்டுக்குப் பதிலாகக் குறுக்குத் தையல் போட்டது. அதன் துணியில் சாய்வரி இடப்பக்கமாக ஏறும், லீவைஸில் வலப்பக்கமாக ஏறும். தொடையருகே குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். இடச்சாய்வுத் துணி தொடுவதற்குச் சற்று மென்மையானது.

எங்களைக் கேட்டால், வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இம்மூன்றில் முழுத் தகுதி பெறுவது ராங்ளர்தான். அதிலும் ஒரு தையல்காரர் இருக்கிறார். போலந்திலிருந்து வந்தவர், ரோடியோ பென் என்று அறியப்பட்டவர். 1947இல் அவர் வெட்டிய கால்சட்டையில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் உண்டு. குனியும்போது முதுகு தெரியாதபடி இடுப்பு உயரம். கச்சை நழுவாதிருக்க ஐந்துக்குப் பதில் ஏழு லூப்புகள். தட்டையான ரிவிட்டுகள். உட்கார்ந்தால் பணப்பை அழுத்தாதபடி மேலேற்றிய பின்பைகள். மடித்தடித்த தடித்த தையல் காலின் வெளிப்பக்கத்தில். குதிரையின் விலாவில் உரசும் உட்பக்கம் சன்னமாக இருக்கும். டெனிமைத் துவைத்தால் கால் முறுக்கிக்கொண்டு தையல் முன்னால் வந்துவிடும் என்பது அணிந்தவர்களுக்குத் தெரிந்த எரிச்சல். 1964இல் ராங்ளர் சாய்வரியை இருபுறமும் மாற்றி மாற்றி உடைத்து நெய்யும் துணிக்கு மாறி அந்த முறுக்கைத் தீர்த்தது. ரசிகர் கூட்டத்தில் இதற்குத்தான் கடைசி இடம், பழமையின் கவர்ச்சி இதற்குக் குறைவாம்.

ஜப்பானியர்களை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஒகயாமாவின் கொஜிமா, 1973இல் பிக் ஜான் நிறுவனம் குராபோ ஆலையின் உள்நாட்டு டெனிமில் ஜீன்ஸ் தைத்த பிறகு அமெரிக்காவையே பின்தள்ளும் துணியைத் தந்தது. 2003இல் ஷினிச்சி ஹராக்கி தொடங்கிய அயர்ன் ஹார்ட்டின் 21 அவுன்ஸ் துணி மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கானது. கீழே விழுந்தால் தோலுக்கு முன் துணி தேயவேண்டும், வேகத்தில் குளிர்காற்று உள்ளே புகக்கூடாது. அந்த வேலைக்கு அந்தக் கனம் நியாயமானது. அதை எடுத்துவந்து சித்திரை வெயிலில் பொம்மிடி ரயிலடிக்கு இருசக்கர வண்டியில் போகும் நம் நண்பர், தரத்தை அணிந்திருப்பதாகச் சொல்வதுதான் நகைப்புக்குரியது. வியர்வையில் ஊறிய அந்தத் துணி மழைக்காலத்தில் எத்தனை நாளில் காயும் என்று துவைப்பவரிடம் கேட்டாரா? பெரும்பாலும் துவைப்பவர் அவர் அல்லர்.

‘செல்வெட்ஜ்’ என்று அவர்கள் உருகுவது வேறொன்றுமில்லை, கரை. நாடா ஓடும் குறுகிய தறியில் ஊடை நூல் விளிம்பில் திரும்பி வருவதால் பிரியாத ஓரம் கிடைக்கிறது. நம் கைத்தறி வேட்டி ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. கரை அழகானது; ஆனால் நடுவிலுள்ள நூல் நல்ல நூலா என்று அது சொல்வதில்லை. ‘அசல் அமெரிக்கத் துணி’யின் கதையும் முடிந்துவிட்டது. லீவைஸ் 2004 தொடக்கத்துக்குள் அமெரிக்காவிலிருந்த தன் கடைசித் தையல் ஆலைகளை மூடியது. 1905இல் தொடங்கிய கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை 2017 இறுதியில் நின்றது.

இந்த வழிபாட்டின் இன்னொரு முகம் சிரிக்கத்தக்கதல்ல. உழைத்துத் தேய்ந்த தோற்றம் விலைபோகும் என்று தெரிந்ததும், உழைக்காமலே தேய்த்துத் தரத் தொடங்கினார்கள். துணிமீது மணலைப் பீய்ச்சி வெளுக்கவைக்கும் அந்த வேலையில் துருக்கியின் இளைஞர்கள், பலரும் கிழக்குப் பகுதிக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சிலிக்கோசிஸ் நோயில் மூச்சடைத்து இறந்தார்கள். 2009இல் துருக்கி அதைத் தடைசெய்தது. 2010இல் லீவைஸும் ஹெச் அண்ட் எம்மும் கைவிடுவதாக அறிவித்தன. கல்குவாரித் தூசி நெஞ்சில் படிவது என்னவென்று எங்கள் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவனுடைய முழங்கால் வெளுப்பு இன்னொருவனுடைய நுரையீரலிலிருந்து வருகிறது என்றால், அந்த வடிவமைப்பை மதிப்பிட எந்த அவுன்ஸ் கணக்கு உதவும்?

நம் நாட்டில் ஒருமுறை வேறு விதமாக யோசித்தார்கள். அகமதாபாத்தின் அரவிந்த் மில்ஸ் 1995இல் ரஃப் அண்ட் டஃப் என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்றது. டெனிம் துணி, ஜிப், ரிவிட்டுகள், தோல்பட்டை எல்லாம் ஒரே பொட்டலத்தில். விலை ஏறத்தாழ 6 டாலர், அன்றைய மதிப்பில் 200 ரூபாயை ஒட்டியது. அப்போது கடையில் தொங்கிய ஜீன்ஸ்களின் விலை 40 முதல் 60 டாலர். சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் இருந்த ஆயிரக்கணக்கான தையல்காரர்கள் வழியாக அது போனது. அதன் துணி ஜப்பானியத் துணிக்கு நிகர் என்று நாங்கள் வாதாட மாட்டோம். தோல்பட்டையையும் பொட்டலத்தில் சேர்த்ததில் நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பெயருக்கான ஏக்கத்தை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனாலும் இடுப்பளவு உடம்பைப் பார்த்து எடுக்கப்பட்டது. கவட்டைத் தையல் பிரிந்தால் போய் நிற்க ஓர் ஆள் தெருவில் இருந்தார். ஜேக்கப் டேவிஸிடமிருந்து கைமாறிப்போன ஒன்று அந்தச் சில ஆண்டுகள் தையல்காரரின் மேசைக்குத் திரும்பி வந்தது. கனத்த டெனிமைப் பற்றி ஆயிரம் சொல்லும் நம் நண்பர்களின் பட்டியலில் இந்தப் பெயரை நாங்கள் ஒருமுறைகூடக் கண்டதில்லை. மலிவான சரக்குக்கு வரலாறு கிடையாது என்று முடிவுசெய்துவிட்டார்கள் போலும்.

கடத்தூருக்கு எது வேண்டும் என்று எங்களைக் கேட்டால், 11 அல்லது 12 அவுன்ஸ் போதும் என்போம். நீட்சி நூல் கலக்காத பருத்தி, கைபேசி குந்தும்போது வெளியே விழாத ஆழமான முன்பை, கவட்டையில் மடித்தடித்த இரட்டைத் தையல், வளர்ந்தாலும் இளைத்தாலும் பிரித்துத் தைக்க உள்ளே விட்ட ஓரத் துணி. இந்தக் கடைசி ஒன்றை நாங்கள் பார்த்த விலையுயர்ந்த எதிலும் காணவில்லை.

அன்று மாலை அந்த இளைஞர் கால்சட்டையை வாங்க வந்தபோது நாங்களும் கடையில் இருந்தோம். தையல்காரர், கால் குறைத்து வெட்டிய துண்டையே உள்ளே வைத்துக் கவட்டையை இரட்டைத் தையலாக அடித்திருந்தார். இளைஞர் தையலைப் பார்க்கவில்லை. பின்னால் திருப்பி, தோல்பட்டையில் ஊசி எங்கும் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுபது ரூபாய் கூலிக்கு ஐம்பது கொடுத்தார். "சரி, வச்சிட்டுப் போ தம்பி" என்றார் தையல்காரர்.