சோம்பேறிப் பட்டமும் 51 கோடியும்

ஒரு கூட்டத்தார்மீது முத்திரை குத்துவது எளிது. அதனை அழிப்பது அரிது. மலைவாழ் மக்கள் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்பது அத்தகைய முத்திரைகளுள் ஒன்று. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்னர், கள்ளக்குறிச்சி மாவட்டம் முழுவதுமே அம்முத்திரைக்கு ஆளாயிற்று. ‘முஸ்லிம் என்றால் வியாபாரி, கையில் பணம் புரளும்’ என்று பிறர் கூறினால் முகஞ்சுளிக்கின்ற நாமும் இந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகின்றோம்.

இம்முத்திரையை இப்போது பெரிய இடத்தாரும் கையிலெடுத்துள்ளனர். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் வாரத்திற்கு 90 மணி நேர உழைப்பை வலியுறுத்திய பேச்சு 2025 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே, நலத்திட்டங்களால் வசதி கண்ட தொழிலாளர் வேலைக்காக ஊர்விட்டு ஊர் வர விரும்புவதில்லை என்று சென்னையில் குறைப்பட்டுக் கொண்டார்.

வர மறுப்பவர் யார்? கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சென்று காணுங்கள். மழையை நம்பிய மரவள்ளியும் சாமையும் ஆண்டு முழுதும் சோறு போடா. ஆதலின் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் தோட்ட வேலை, கட்டட வேலை தேடி இறங்குகின்றனர். பெயரில்தான் வெள்ளி!

இம்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்தம் நிலத்தில் மலைமக்கள் கூலியின்றி உழைத்தனர். உழைப்பின் அளவே ஊதியத்தின் அளவு என்றால், அன்று செல்வராயிருந்திருக்க வேண்டியவர் யார்?

இனி, அறிவுரை கூறியவரின் கணக்கைப் பார்ப்போம். 2023-24 நிதியாண்டில் அவர் பெற்றது 51 கோடி ரூபாய். நிறுவன ஊழியரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதைப்போல் 534 மடங்கு! அத்தொகையை அந்த ஊழியர் ஈட்ட வேண்டுமாயின், 1492இல் கிரனாடா வீழ்வதற்கு முன்னரே வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். சாரத்தில் நிற்கும் ஒப்பந்தக் கூலியோ அந்த வரிசையிலேயே இல்லை.

சொற்களின் ஜாலத்தையும் கவனியுங்கள். கீழிருப்பவன் பெற்றால் கூலி. அரசு தந்தால் இலவசம். மேலிருப்பவர் பெற்றால் கமிஷன். அந்த 51 கோடியில் 35 கோடிக்கு மேற்பட்டது கமிஷனே. 2023இல் தொடங்கிய உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றால் ஏழைக் குடும்பம் சோம்பிவிடுமாம். கோடிகள் பெற்றவர் மட்டும் சுறுசுறுப்படைவாராம். பணத்திற்கு இப்படி இரண்டு குணங்கள் உண்டென எந்த நூல் கூறுகிறது?

பங்குதாரர் ஒப்பினர், இலாபம் வந்தது என்பர். உண்மையே. ஆனால் அந்த இலாபத்தில் சாரத்துக் கூலியின் வியர்வைக்கும் பங்கில்லையா? துணி வணிகரான அபூபக்கர் சித்தீக் (ரலி) கலீஃபாவானபோது, பைத்துல்மாலிலிருந்து அவருக்கான படியைத் தோழர்களே நிர்ணயித்தனர். நடுத்தர மனிதர் ஒருவரின் தேவையே அதற்கு அளவுகோல். மறைவின்போது அதனையும் திருப்பியளிக்கச் சொன்னார் என்கின்றன வரலாற்று நூல்கள்.

நாம் கேட்பது பெரிதன்று. தலைவரின் ஊதியத்தை அச்சிடும் ஆண்டறிக்கையில், கடைநிலை ஒப்பந்தத் தொழிலாளியின் நாட்கூலியையும் அருகிலேயே அச்சிடுக. நம் கடைகளிலும், ஆலைகளிலும் முதலாளிமார் அதே கணக்கை எழுதிப் பார்க்கட்டும். அதன்பின் சோம்பேறி யாரென்று பேசுவோம்.