தூரத்தைச் சுமப்பவர்கள்

எங்கள் கல்லூரியில் முதல் பாடவேளை காலை 8.30 மணிக்கு. என் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வாரத்தில் மூன்று நாளாவது ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டிருந்தேன். பருவ இறுதியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களின் பட்டியல் கையெழுத்துக்கு வந்தபோதுதான் அவளை அழைத்துக் கேட்டேன்.

“கண்ணகி நகர்ல இருந்து வரணும் மேம். ஆறு மணிக்கே ஸ்டாப்புக்கு வந்துடுவேன். மொத ரெண்டு பஸ்ல ஏறவே முடியாது” என்றாள். சற்று நின்று, “எங்க ஏரியா பேரை மட்டும் கிளாஸ்ல சொல்லிடாதீங்க மேம்” என்றாள்.

சிலப்பதிகாரம் நடத்துகிறவள் நான். கண்ணகியின் பெயரை மறைத்துவிடுங்கள் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்பாள் என நினைத்ததே இல்லை.

வளரும் நகரத்தின் பொருளாதார நன்மைகளை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: அருகாமை. தொழிலாளர்கள், வாடிக்கையாளர்கள், வங்கி, துறைமுகம் எல்லாம் பக்கத்தில் இருந்தால் தொழிலுக்குச் செலவு குறையும். ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும். இது பொய்யல்ல. கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக 22 வயதில் சென்னைக்கு வந்தேன். யார் மகள் என்று கேட்காமல் டீ கொடுத்த கடை, இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து படித்த நூலகம், என் பெயரில் வந்த சம்பளம், என் கையில் இருக்கும் வீட்டுச் சாவி எல்லாம் இந்த நகரம் தந்தவைதான். நான் நகரத்துக்கு எதிரியல்ல. அருகாமை என்னும் அந்தச் செல்வத்தை யாரிடமிருந்து பிடுங்கி யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

அந்த மாணவியின் அம்மா சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையில் வாழ்ந்தவர். நான்கு வீடுகளில் வேலை. நான்குக்கும் நடந்தே போவார். இடையில் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டுப் போக முடிந்தது. மகள் பிறப்பதற்கு முன்பே அவர்களை லாரியில் ஏற்றி, 20 கிலோமீட்டர் தொலைவில் இறக்கிவிட்டார்கள். முதல் மாதமே இரண்டு வீடுகள் போயின. மற்ற இரண்டும் பேருந்து தாமதமான நாட்களில் ஒவ்வொன்றாகப் போயின. “வீடு குடுத்தாங்க டீச்சர், பொழப்பை எடுத்துக்கிட்டாங்க” என்றார் என்னிடம்.

தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000இல். பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையாக மாறிய அதே ஆண்டுகளில்தான், அதே சாலையோரம், துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும் எழுந்தது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை, கூவம் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு. நிறுவனங்களுக்கு வந்த அருகாமையைச் சாதனை என்றார்கள். பெண்களுக்கு வந்த தூரத்தை மறுவாழ்வு என்றார்கள்.

“பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றனவே, அங்கே வேலை பார்க்கலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கிறார்கள். கண்ணாடிக் கட்டடங்களின் கழிப்பறைகளை ஹவுஸ்கீப்பிங் சீருடையில் கழுவுகிறார்கள். நான்கு வீட்டுக்காரம்மாக்களிடம் தனித்தனியாகப் பேரம் பேசிய பெண், இப்போது முகம் தெரியாத ஒப்பந்ததாரர் ஒருவரின் கீழ். ஒரு வீடு போனால் மூன்று மிச்சம் என்றிருந்தவருக்கு, இந்த ஒன்று போனால் எதுவுமில்லை. அதிலும் விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும் இடங்கள் எத்தனையோ. மகள் ஊர்ப்பெயரை மறைப்பது இதைப் பார்த்து வளர்ந்ததால்தான்.

தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். பேருந்தில் போகும் மூன்று மணி நேரத்துக்காக அந்த 299 குறைவதில்லை. தூக்கம்தான் குறையும். அல்லது மூத்த மகளின் படிப்பு.

2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலையை அகற்றியபோது தமிழறிஞர்கள் கொதித்தார்கள். சிலை 2006இல் திரும்பி வந்தது. அதே காலத்தில் ஆற்றங்கரைகளிலிருந்து உயிருள்ள பெண்கள் அகற்றப்பட்டார்களே, அவர்களில் யார் திரும்பி வந்தார்கள்? மாநகரை எரித்தவளின் பெயரை, மாநகரம் வெளியே தள்ளியவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியவர்களுக்கு அதிலுள்ள கேலி உறைக்கவேயில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதை ‘ஓசி’ என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீடும் அலுவலகமும் பளபளக்கப் பெண்கள் தங்கள் நேரத்தை ஓசியில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடனில் ஒரு துளிதான் திரும்பி வந்திருக்கிறது. அதுவும் கட்டணமுள்ள சொகுசுப் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்தபடி காத்து நின்ற பிறகு.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்துவிட்டது. இனி இன்னும் தொலைவில் இன்னும் பல கண்ணகி நகர்கள் சாத்தியம். அதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை இவை: ஏழைகளின் வீடு, அவர்கள் உழைக்கும் இடத்துக்கு அருகிலேயே கட்டப்பட வேண்டும். ஒரு குடும்பத்தை இடம் மாற்றும் முன், அந்தப் பெண்ணின் வேலை எங்கே, பிள்ளையின் பள்ளி எங்கே என்று எழுதப்பட வேண்டும். எழுதியது மதிக்கப்பட வேண்டும். அதிகாலையில் ஏற முடிகிற பேருந்துகள் வேண்டும்.

அந்தப் பட்டியலில் நான் கையெழுத்திடவில்லை. இதில் பெருமைப்பட ஏதுமில்லை. முந்தைய ஆண்டுகளில் எத்தனை பட்டியல்களில் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.