பேனருக்குப் போற காசை ஒரு ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுங்க

வருஷா வருஷம் ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். பேனர், தொப்பி, பேரணி, கடைசியில டிபன். நல்ல மனசோடதான் செய்றாங்க. ஆனா அதுக்கு நன்கொடை கொடுக்கிற உங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு. நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

முதல்ல அடிப்படை. வெண்புள்ளி தொழுநோய் இல்ல. தொட்டா ஒட்டாது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால வர்றதில்ல. நம்ம எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை அழிக்குது.

உயிரை எடுக்காத நோய். அதனாலேயே ஆராய்ச்சிக்குன்னு யாரும் பர்ஸைத் திறக்கிறதில்ல. நான் வெறும் எம்பிபிஎஸ், தோல் நிபுணர் இல்ல. ஆனா பிபி பார்க்கக் கையை மடிக்கச் சொன்னா தயங்குற பொண்ணுங்களை அரசு மருத்துவமனை ஓபியில பார்க்கிறேன். கூட வந்த அம்மா கேட்கிறது ஒரே கேள்வி: "கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா சார்?"

களிம்பு இருக்கு, புற ஊதாக் கதிர் சிகிச்சை இருக்கு. பலருக்கு நிறம் திரும்புது. நிறுத்தினதும் அதே இடத்துல மறுபடி வெளுக்கவும் செய்யுது. ஏன்? அதுக்குப் பதில் லேப்லதான் கிடைக்கும், பேரணியில கிடைக்காது.

எந்த சிக்னல் வழியா அந்தத் தாக்குதல் நடக்குதுன்னு எலிகளை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. 2015-ல மூட்டுவாத மாத்திரை ஒண்ணைக் கொடுத்து ஒரு நோயாளிக்கு நிறம் திரும்பினதா கட்டுரை வந்துச்சு. 2022 ஜூலையில, போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர்ற முதல் மருந்தா ரூக்ஸோலிடினிப் க்ரீமுக்கு அமெரிக்காவுல அனுமதி. லேப்ல யாரோ ராத்திரி முழிச்சதால வந்தது இது.

இங்க அப்படி முழிக்க ஆள் இருக்கு, சம்பளம் இல்ல. பெரிய நிதி கேட்டா "முதற்கட்ட முடிவுகள் எங்கே?"ம்பாங்க. அந்த முடிவை எடுக்கவே காசு வேணும். எனக்குத் தெரிஞ்ச தோல் எம்டி ஒருத்தர் வெண்புள்ளி ஆராய்ச்சிக்காக ரெண்டு வருஷம் அலைஞ்சார். இப்போ முடி நடுற கிளினிக்ல இருக்கார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இஎம்ஐ யாரை விட்டுச்சு?

வேற தோல் நோய்ல இதுக்கு வழி காட்டியிருக்காங்க. தொட்டாலே தோல் உரியுற எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. டெப்ராங்கற தன் மகளுக்கு இருந்ததால, ஃபிலிஸ் ஹில்டன்ங்கற அம்மா 1978-ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச அமைப்புதான் 'டெப்ரா'. பழைய பொருள் விக்கிற கடைகள் நடத்தி, அந்தக் காசுல ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறாங்க. பழைய துணி வித்த காசுங்க!

கணக்கு போடுவோம். 2023 அரசு விகிதப்படி ஆராய்ச்சி மாணவருக்கு முதல் 2 வருஷம் மாசம் 37,000, அடுத்த 3 வருஷம் 42,000. வீட்டு வாடகைப்படி சேர்க்காம 5 வருஷத்துக்கு 24 லட்சம். ஒரு காரோட விலை.

"அரசாங்கம் செய்யட்டும் டாக்டர்" னு கமெண்ட் வரும். செய்யணும்தான், நானும் கேட்கிறேன். ஆனா 'ஏழே நாளில் வெண்புள்ளி குணம்' விளம்பரத்தை நம்பிக் கொட்டுற காசு அரசாங்கத்தைக் கேட்டா போகுது? அந்த விளம்பரமே 1954 சட்டப்படி குற்றம்.

உங்க கம்பெனி சிஎஸ்ஆர் கமிட்டியில யாரையாவது தெரியுமா? அரசுப் பல்கலைக்கழகங்கள்ல நடக்கிற மருத்துவ ஆராய்ச்சிக்கும் சிஎஸ்ஆர் பணம் கொடுக்கலாம்னு 2019-லயே விதி மாத்தியாச்சு. அடுத்த ஜூன் பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி இந்த இழையை அவருக்கு அனுப்புங்க.