பயன் அளக்கும் வழி

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கச் சங்கங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைப் பற்றி அன்பர்கள் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: "இதனால் பயன் விளைகிறதா?" சந்தாப் பணமும் பிள்ளைகளின் ஓய்வு நாளும் செலவாவதால் வினா நேரியதே. விடையாக நாம் காட்டுவனவோ வருகைப் பதிவேடும் ஆண்டு விழாப் பரிசுகளுமே. பரிசு பெறும் குழந்தை வீட்டில் பாட்டியிடமே பாதி கற்றிருக்கும்!

வடோதராவில் இத்தகைய வினாவுக்கு விடை கண்ட முறை நாம் அறியத்தக்கது. அங்கு நகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய மாணவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அவ்வட்டாரத்து இளம்பெண்களைக் கொண்டு எழுத்தும் கணக்கும் கற்பித்தது பிரதம் நிறுவனம். திட்டத்தின் பெயர் 'பால்சகி'. குழந்தையின் தோழி என்று பொருள்.

அத்திட்டத்தின் எண்களைக் கொண்டு அமைந்த பயிற்சிப் பாடமொன்றில், பால்சகியிடம் பயின்றோரின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 25இலிருந்து 51 ஆயிற்று. 26 மதிப்பெண் ஏற்றம் என்று மார்தட்டலாமா? ஓராண்டில் வகுப்பாசிரியரிடமும் பிள்ளைகள் கற்கத்தானே செய்வர்! பால்சகியிடம் செல்லாதாரோடு ஒப்பிடுவோமெனில், அவர்கள் பெற்றது 56. திட்டம் தீங்கு செய்தது என்றாகும். பின்தங்கியோரையே பொறுக்கி அனுப்பியதால் வந்த மயக்கம் அது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய ஆராய்ச்சியாளர், 2001-02 கல்வியாண்டில், சீட்டுக் குலுக்கினாற்போலப் பள்ளிகளைப் பிரித்தனர். ஒரு பாதியில் 3ஆம் வகுப்புக்குப் பால்சகி. மறுபாதியில் 4ஆம் வகுப்புக்கு. எப்பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒப்பிட ஓர் இணையும் கிடைத்தது. இவ்வழியில் அப்பாடம் காட்டும் ஏற்றம் ஏறத்தாழ 6 மதிப்பெண். சிறிதாயினும் நம்பத்தக்கது. இவ்விருவரும் மைக்கேல் கிரெமரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றது இத்தகைய ஆய்வுகளுக்காகவே.

நிற்க. முப்பது பிள்ளைகள் பயிலும் வகுப்புக்குக் குலுக்கல் பொருந்தாது. இரண்டு கெட்டிக்காரர் ஒருபுறம் விழுந்தாலே கணக்குப் புரண்டுவிடும். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும், முன் கண்டிராத எளிய பத்தியொன்றை ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். இடமின்றிக் காத்திருக்கும் பிள்ளைகளையும் அவ்வாறே கேட்டால் ஒப்பிடுவதற்கு ஓரளவு வழி பிறக்கும். கேட்பவர் வகுப்பாசிரியராய் இருத்தலாகாது; அன்பு மிகுதியால் அவர் தடுமாற்றத்தையும் வாசிப்பாகக் கொள்வார். வீட்டில் பாட்டி உண்டா என்பதையும் குறித்துக்கொள்க.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தேர்வென்று அஞ்சி அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட வேண்டா. தடுமாறும் பிள்ளைகள் வாராவிடின் கணக்கு இனிதாய்த் தோன்றி நம்மை ஏய்த்துவிடும்.