வெயிலும் வரத்துவாரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

கோடை பிறந்தால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "சார், சிங்கப்பூர் பூமத்தியரேகைக்குப் பக்கத்துல இருக்கு. இங்கேயே இவ்வளவு வெயில் இல்லையே, நம்ம ஊர்ல மட்டும் ஏன் இப்படி?" நல்ல கேள்வி. வகுப்பில் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டிய பாடம்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன்.

முதலில் சூரியன். நம் ஊர் பூமத்தியரேகைக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வரும். ஏப்ரல் நடுவில் வடக்கே போகும்போது ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் தெற்கே திரும்பும்போது ஒரு முறை. அந்த நாட்களில் உச்சிப்பொழுதில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழலே விழாது. இடைப்பட்ட நாலு மாதமும் மதிய வெயில் வடக்கிலிருந்து விழும். மே மாதத்தில் வீட்டின் வடக்குச் சுவர் சுடுவது அதனால்தான். மார்கழியில்கூட மதியச் சூரியன் நமக்கு 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் லண்டனில் 15 டிகிரிதான். பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. சாய்ந்து விழும் வெயில் அதிக இடத்தில் பரவிவிடுவதால் சூடு ஏறாது.

மெல்போர்னில் இருப்பவர்களுக்கு எல்லாம் தலைகீழ். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், நாம் மார்கழிப் பனியில் கோலம் போடும்போது அங்கே கோடை. ஜனவரியில் 40 டிகிரி வெயிலும் அடிக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் வேண்டுமென்றால் அவர்களுக்கு வடக்கு ஜன்னல்தான் கதி.

இரண்டாவது தண்ணீர். ஒரே எடையுள்ள மணலையும் தண்ணீரையும் ஒரு டிகிரி சூடாக்கினால், தண்ணீருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் தேவைப்படும். அதனால் கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். சிங்கப்பூரைச் சுற்றிலும் கடல், வருடம் முழுக்க மேகமும் மழையும். அங்கே வெயில் 40 டிகிரியைத் தொட்டதே இல்லை. குவைத் பூமத்தியரேகையிலிருந்து 29 டிகிரி தள்ளி இருக்கிறது. ஆனால் நாட்டின் பெரும்பகுதி வறண்ட மணல், கோடையில் மேகமே இல்லாத வானம். அங்கே 50 டிகிரியைத் தாண்டுகிறது.

மூன்றாவது மலையும் காற்றும். கொச்சி, கொடைக்கானல், புதுக்கோட்டை மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதை வரைபடத்தில் பாருங்கள். மூன்று ஊருக்கும் ஒரே சூரியன், ஒரே பகல் நீளம். ஆனால் கொச்சியில் வருடத்துக்கு மூன்று மீட்டர் அளவுக்கு மழை. நமக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே மே மாதத்திலும் ஸ்வெட்டர். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி, அந்தப் பக்கமே பெரும்பாலும் இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது வறட்டுக் காற்று. ஆடி, ஆவணியில் நமக்குக் கிடைக்கும் சாயங்கால இடிமழை பயிருக்கு உதவும், கண்மாயை நிரப்பாது.

கண்மாய் நிரம்ப வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அந்தச் சமயம் சூரியன் தெற்கே போய்விடுகிறது. வடக்கே நிலம் சீக்கிரம் ஆறுகிறது, கடல் ஆறுவதில்லை. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரத்தோடு நம்மிடம் வருகிறது. அது தவறினால் என்ன ஆகும் என்று 2016இல் பார்த்தோம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதே கடல் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலை அனுப்பியது. நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். நம் வெயில் ஒரு வருடத்தில் ஆவியாக்கக்கூடிய தண்ணீர், நமக்குப் பெய்யும் மழையைவிட அதிகம். மழையோ சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. வெள்ளாற்றிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். இப்படிப்பட்ட மண்ணில் நம் முன்னோர் எப்படிப் பிழைத்தார்கள்? கண்மாய் வெட்டிப் பிழைத்தார்கள். நம் மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ளன. மேட்டுக் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரத்துவாரி. வாரி அடைபட்டால் கண்மாய் வெறும் பள்ளம்தான்.

என் கருத்தைப் பட்டென்று சொல்கிறேன். கண்மாய் வறண்டால் "உலகம் சூடாகிவிட்டது, என்ன செய்வது" என்று சொல்லிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. உலகம் சூடாவது உண்மை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கனமழையாகப் பெய்வது கூடும். அப்படிக் கொட்டுவதைப் பிடித்து வைக்கக் கண்மாயும் வாரியும் முன்னைவிட அதிகம் தேவை. அட்சரேகையை நாம் மாற்ற முடியாது, மலையை நகர்த்த முடியாது. வாரியை அடைத்தது மட்டும் நாம்தான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? ஊரில் மனை வாங்குவது பெரும்பாலும் நீங்கள் அனுப்பும் பணத்தில்தான். வாரியைச் சமப்படுத்திக் கல் நட்டு மனையாக்கினால், அது நீங்கள் ஊருக்கு வரும் சித்திரை மாதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான்: "மாமா, அதுல பத்து வருசமாத் தண்ணியே ஓடலை." ஓடாமல் இருக்கலாம். ஒரு கார்த்திகை கொட்டினால் தண்ணீர் பழைய தடத்தைத்தான் தேடி வரும், புது வீட்டின் வாசல் வழியாக. "போர் போட்டுக்கலாம்" என்பது அடுத்த பதில். போரில் வருவதும் மழைத்தண்ணீர்தானே? கண்மாயில் நின்று மண்ணுக்குள் இறங்கினால்தான் போருக்கு வரும். ஆலங்குடி, வடகாடு பக்கம் எத்தனை நூறு அடிக்குக் குழாய் இறக்குகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இடம் வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் வாரி, குளம், புறம்போக்கு என்று இருந்தால் விலகிவிடுங்கள். ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு, பட்டா சரியாக இருந்தாலும் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் "மழைத்தண்ணி எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். மூன்று, முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நம்மால் என்ன முடியும் என்று நினைக்காதீர்கள். கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019இல், பேராவூரணிப் பெரியகுளத்தை அந்தப் பக்கத்து இளைஞர்கள் திரண்டு தூர்வாரினார்கள். நம்மிடமும் ஆள் இருக்கிறது. பொக்லைன் வைத்திருக்கும் மாணவர்களும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்!

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால், வல்லத்திராக்கோட்டைச் சுற்றுவட்டார வாரிகளைக் காலை நேரத்தில் நடந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எங்கே அடைத்திருக்கிறது என்று குறித்துவைத்து ஊராட்சியில் மனுவாகக் கொடுப்போம். உள்ளூரில் இருப்பவர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் அப்பா, தாத்தாவிடம் கேட்டு, உங்கள் தெரு வழியாக எந்த வாரி ஓடியது, அதன் பெயர் என்ன என்று எழுதுங்கள். அதுவே பெரிய உதவி.

அன்புடன்,
உங்கள் சார்,
வல்லத்திராக்கோட்டை