பிக்கப் வண்டியில் பாட்டுக் கச்சேரி

போன பௌர்ணமிக்கு முதல் நாள் நான் திருவண்ணாமலை போய் இறங்கினேன். கிரிவலம் வந்துவிட்டு, அப்படியே அக்கா மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணம். வேட்டவலம் சாலையில் அவன் வீட்டு வாசலை நெருங்கும்போதே ஒரு சிறு யுத்தம் நடப்பது தெரிந்தது. ஒரு பக்கம் அவன். மறு பக்கம் அவன் மனைவி. நடுவில் அவனுடைய பிக்கப் வண்டி.

2005-இல் டாட்டா ஏஸ் வந்தபோது நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள் அல்லவா? இவன் வண்டி அதற்கு ஒரு படி பெரிய யானை. இரவு இரண்டு மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கோயம்பேட்டுக்குப் போகிறான். வழித்துணை பாட்டுத்தான்.

"சித்தி, நீங்களே சொல்லுங்க. பாட்டு சரியா கேட்கலேன்னா திண்டிவனம் தாண்டும்போது கண்ணு சொக்குது. ஆம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் 12,000 ரூபாய் சொல்றாங்க."

"அத்தை, அந்தப் பன்னிரண்டாயிரம் குழந்தை பள்ளிக்கூடத்துக்குக் கட்ட நான் எடுத்த சீட்டுப் பணம்!" என்றாள் அவள்.

என்ன தீர்ப்புச் சொல்வது? அவன் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கும் இருக்கிறது. அதனால்தான் குரல் அத்தனை உயர்ந்திருந்தது.

நல்ல வேளையாக எதிர் வீட்டுப் பெரியவர் வந்து சேர்ந்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் செய்து பழகிய கை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த ஸெட் எத்தனை வாட்?" என்று கேட்டார்.

"பெட்டியிலே 50 வாட், நாலு வழின்னு போட்டிருக்கு, தாத்தா."

"போட்டிருப்பான். வண்டி ஓடும்போது பாட்டரியிலிருந்து கிடைப்பது பதினாலு வோல்ட்டுச் சொச்சம். அதை வைத்துக்கொண்டு நாலு ஓம் ஸ்பீக்கரில் சுத்தமாகப் பதினெட்டு, இருபது வாட் வந்தால் அதிகம். அதற்கு மேல் முறுக்கினால் வருவது பாட்டு இல்லை, கரகரப்பு."

அப்படியானால் ஆம்ப்ளிபயர் வேண்டியதுதானே என்று இவனுக்கு ஒரே உற்சாகம். பெரியவர் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ' என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். சீட்டுப் பணம் தாங்குமா? "முதலில் இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா பார்" என்றார்.

மறுநாள் பௌர்ணமி. அன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டியை எடுப்பது முடியாத காரியம். எனவே அன்றே வேலையை வைத்துக்கொண்டோம். திருப்புளி ஒன்று, டேப் ஒன்று, சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய ஒன்றரை வோல்ட் செல் ஒன்று; ஆயுதங்கள் இவ்வளவே.

இந்தச் செல் செய்த வேலையைக் கேளுங்கள். ஸெட்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றின் முனையில் செல்லை ஒரு கணம் தொட வேண்டும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒரு துள்ளுத் துள்ளும். என் மருமகள் செல்லைத் தொட்டாள், நான் பார்த்தேன். வலக் கதவில் கூம்பு வெளியே வந்தது. இடக் கதவிலோ அதே நிற ஒயரைத் தொட்டும் உள்ளே போயிற்று! முன்பு பொருத்திய கடைக்காரர் ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. தவில் போன்ற கனமான ஓசையெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு ஒயரை இடம் மாற்றினோம், செலவு பூஜ்யம்.

அடுத்தது கதவு. உள் அட்டையைக் கழற்றினால் தகரத்தில் கை நுழையும் அளவு ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஓசை அவை வழியே வந்து முன்பக்கத்து ஓசையை அழிக்கிறதாம். பசையுள்ள ரப்பர் ஷீட்டை வெட்டி அடைத்தோம். அப்பளம் இடுகிற கைக்கு இது கஷ்டமா? ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய விட்ட சிறு துளைகளை அடைக்கக் கூடாது, கதவு துருப்பிடித்துப் போகும். கண்ணாடி ஏறி இறங்கவும் இடம் விட வேண்டும்.

பயங்கரமான விஷயம் கடைசியில்தான் அகப்பட்டது. பாட்டரியிலிருந்து ஸெட்டுக்கு வந்த ஒயரில் ப்யூஸே இல்லை! தகர ஓட்டை ஒன்றின் விளிம்பில் உராய்ந்து, மேல் தோல் பாதி தேய்ந்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் செம்பு தகரத்தைத் தொட்டால் பாட்டரி தன் பலம் முழுவதையும் அந்த ஒயரில் கொட்டும். ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ப்யூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதனால் பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அது இருக்க வேண்டும். ஸெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்து பயனில்லை. பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, புது ஒயர் இழுத்து, ப்யூஸ் வைத்து, தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அவளோ அந்தத் தேய்ந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

மொத்தச் செலவு 1,600 ரூபாய்.

பாட்டுப் போட்டான். அதே ஸெட், அதே ஸ்பீக்கர். தவில் இப்போது நெஞ்சில் தட்டுகிறது. பையன் முகம் மலர்ந்து குமிழை முழுவதும் திருப்பினான். நான் விடவில்லை. மிக்ஸி போடுகிற சத்தம், அதாவது 85 டெசிபல் என்றால், காது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கும். 3 டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்குக் கால் மணிதான். பின்னால் வருகிற லாரி ஹாரன் கேட்க வேண்டாமா? இன்னொன்றும் சொன்னேன்: பாட்டு தூக்கத்துக்கு மருந்தல்ல. கண் சொக்கினால் ஓரமாக நிறுத்தித் தூங்க வேண்டியதுதான். "சரி, சித்தி" என்றான். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டாம் முறையும் "சரி" என்றான்.

இரவு அவர்களை விட்டுவிட்டு நான் கிரிவலம் கிளம்பினேன். பதினாலு கிலோமீட்டரையும் நடந்து முடித்துத் திரும்பி வந்தபோது வீடு இருண்டு கிடந்தது. வாசலில் வண்டி இல்லை. மணி என்ன என்று சுவரைப் பார்த்தேன். கடிகாரம் காலை ஒன்பதரையிலேயே நின்றிருந்தது. செல் வண்டியோடு கோயம்பேட்டுக்குப் போய்விட்டது!